ஃப்ரீசரை நம்பிக் குடும்பம் நடத்திய காலம்

2023 ஜூனில் என் கணவர் வேலை பார்த்த கட்டுமான நிறுவனம் சம்பளத்தை நிறுத்தியது. அவர் தோஹாவில். நான் மடிப்பாக்கத்தில், இரண்டு பிள்ளைகளோடும் அத்தையோடும். "அடுத்த மாசம் சேர்த்துப் போடுறாங்களாம்" என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் காதுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் என் அம்மாவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. கையில் இருந்தது என் டியூஷன் வருமானம், மாதம் 14,000 ரூபாய். கொஞ்சம் சேமிப்பும் இருந்தது, அதை ஸ்கூல் ஃபீஸ் தின்றுகொண்டிருந்தது. அத்தையின் சர்க்கரை மாத்திரையில் கை வைக்க முடியாது, ஃப்ளாட் மெயின்டனன்ஸில் கை வைக்க முடியாது. மிச்சம் இருந்தது அடுப்படிச் செலவு. அந்த ஜூலையில் தக்காளி விற்ற விலை சென்னையில் இருந்த யாருக்கும் மறந்திருக்காது. ரேஷன் கடையில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வெளியில் 100-ஐத் தாண்டி, மாதக் கடைசியில் 200-ஐத் தொட்டது. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகுக் குழம்பு என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். செப்டம்பரில் அதே தக்காளி கோயம்பேட்டில் கிலோ 15 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இறங்கியிருக்கும்போது வாங்கி வைத்து, ஏறும்போது எடுத்துச் சமைத்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

ஃப்ரீசரில் எதை வைக்கலாம் என்று தேடிப் பார்த்தால் கிடைத்ததெல்லாம் பிரெட், சூப், கேக் பற்றிய குறிப்புகள். முருங்கைக்காய் தாங்குமா, இட்லி தாங்குமா, தேங்காய் அரைத்து விட்ட குழம்பு தாங்குமா என்பதற்கெல்லாம் பதில் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்கவும் தயக்கம். "எதுக்கு இப்படிச் சேர்த்து வைக்கறீங்க" என்று திருப்பிக் கேட்டால் வீட்டு நிலைமை வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் காசைக் கொடுத்தே தெரிந்துகொண்டேன். யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய காசு அது. இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் ஒரு பெட்டித் தக்காளி வாங்கினேன், பதினான்கு கிலோ. கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகக் காய்ந்ததும் பாதியை முழுசாகவே கவரில் போட்டு உறைய வைத்தேன். இது அருமையாக வந்தது. கல் மாதிரி இருக்கிற தக்காளியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும், அப்படியே ரசத்துக்கோ சாம்பாருக்கோ போட வேண்டியதுதான். சாலட்டுக்கும் வெறும் தக்காளிச் சட்னிக்கும் ஆகாது, உறைந்து இளகிய தக்காளி தண்ணீராகத்தான் இருக்கும். மறுபாதியை வெங்காயம், இஞ்சி பூண்டு விழுதோடு எண்ணெய் பிரிய வதக்கித் தொக்காக வைத்தேன். இதுதான் இன்றுவரை எனக்கு மிக அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது. பட்டாணிக் குருமா, முட்டைக் குழம்பு, சன்னா என்று எதற்கும் இதுதான் அடித்தளம். வதக்குகிற கேஸும் நேரமும் ஒரே தடவையோடு முடிந்துவிடும். சென்னையில் அந்த ஆகஸ்ட் கடைசி வரை சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு, அதன் பிறகுதான் 200 ரூபாய் குறைந்தது. கேஸை மிச்சம் பிடிப்பதும் ஒரு வருமானம்தான்.

அந்தத் தைரியத்தில் பீன்ஸ் விலை இறங்கியபோது மூன்று கிலோ வாங்கி, நறுக்கி, அப்படியே பச்சையாக உறைய வைத்தேன். சில வாரம் கழித்து எடுத்தால் வைக்கோல் வாசனை, வேகவே மாட்டேன் என்கிறது, கடித்தால் நார். மூன்று கிலோவும் குப்பைக்குப் போயிற்று. காய்க்குள் இருக்கிற நொதிகள் குளிரில் சாவதில்லை, மெதுவாகத் தங்கள் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். அதனால் பீன்ஸ், கேரட், பட்டாணி மாதிரிக் காய்களைக் கொதிக்கிற நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் உறைய வைக்க வேண்டும். பட்டாணிக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், பீன்ஸுக்கு மூன்று நிமிடம். ஐஸ் தண்ணீரைத் தவிர்த்தால் காய் தன் சூட்டிலேயே வெந்து குழைந்துவிடும். ஈரத்தோடு வைத்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு விஷயமும் அப்போது புரிந்தது. எங்கள் வீட்டில் இருந்தது சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். அதன் மேல்தட்டில் இருப்பது ஃப்ரீசர் என்று பெயர், ஆனால் நீண்ட நாள் வைப்பதற்கு வேண்டிய மைனஸ் 18 டிகிரி அதில் நிலையாக நிற்பதில்லை. பல பழைய மாடல்களில் மைனஸ் 6, மைனஸ் 12 வரைதான் போகும். உறையத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பெரிய பனித் துகள்கள் உருவாகி, காயின் செல்லையும் கறியின் நாரையும் கிழித்துவிடும். இளகும்போது தண்ணீர் கொட்டுவதும், சக்கையாகப் போவதும் அதனால்தான். ஃப்ரீசருக்கான சின்னத் தெர்மாமீட்டர் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எதையும் வாங்கிக் குவிப்பதற்கு முன் முதலில் அதை வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். மைனஸ் 18 வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்க்கிற பொருளை மட்டும் வையுங்கள், மாதக்கணக்கில் திட்டம் போடாதீர்கள். ஒரே நாளில் நிறையப் பொருளை உள்ளே தள்ளவும் கூடாது. ஏற்கெனவே இருப்பதும் சூடாகி, புதியதும் மெதுவாக உறையும். மேல்தட்டில் பனிக்கட்டி விரல்கனம் ஏறிவிட்டால் டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கிக் கரைத்துவிடுங்கள். கத்தியால் குத்திப் பெயர்த்தால் கேஸ் குழாயில் ஓட்டை விழும்.

அப்புறம் புரட்டாசி வந்தது. பாதி ஊர் கவிச்சியைத் தொடாத மாதம். கோழியும் மீனும் மற்ற மாதத்தைவிட நன்றாக இறங்கும். எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் கிடையாது. ஒரு சின்ன மோதிரத்தை அடகு வைத்து, மூடப்போகிற ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய டீப் ஃப்ரீசரை 8,000 ரூபாய்க்கு வாங்கினேன். தீபாவளிக்குள் அதை நிரப்பிவிட்டேன். கோழி, கொஞ்சம் ஆட்டுக்கறி, வஞ்சிரத் துண்டுகள், இறால், தொக்கு, துருவிய தேங்காய், எலுமிச்சைச் சாறு. கதவைத் திறந்து அடுக்கைப் பார்த்தாலே மனசுக்கு ஒரு தெம்பு. பிள்ளைகளுக்கு நான்கு மாதத்துக்குக் குறை இருக்காது என்ற நிம்மதியில் அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 4-ஆம் தேதி திங்கட்கிழமை விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். பால் பாக்கெட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, தோஹாவுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. டீப் ஃப்ரீசரில் இருப்பது எத்தனை நேரம் தாங்கும் என்றும் எனக்குத் தெரியாது. தெரியாத பயத்தில் அடிக்கடி மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். இப்போது தெரியும்: நிறைந்திருக்கிற ஃப்ரீசர், மூடியைத் திறக்காமல் விட்டால், சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் 24 மணி நேரம். கீழே இருக்கிற சாதாரண ஃப்ரிட்ஜ் பகுதி நான்கு மணி நேரம்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கணக்கில் ஒரு துண்டு குறையும்.

செவ்வாய் மதியம் திறந்தபோது மேலடுக்கில் இருந்த கோழிக் கவர்கள் அழுத்தினால் அமுங்கின. நடுவில் மட்டும் பனி கரகரவென்று கைக்குத் தட்டுப்பட்டது. கேஸ் அடுப்பு இருந்ததால் அப்படிப் பனி தட்டுப்பட்டதை எல்லாம் எடுத்துச் சமைத்து, மாடியில் இருந்த எல்லாருக்கும் பரிமாறினோம். அது சரியான முடிவுதான். நடுவில் பனிக்கட்டி இருந்தால், தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இருந்தால், சமைக்கலாம், திரும்ப உறையவும் வைக்கலாம், ருசி மட்டும் கொஞ்சம் குறையும். அடியில் இருந்தது இன்னும் கெட்டியாக இருந்ததால் மூடிவிட்டேன். கரண்ட் வந்தது வியாழக்கிழமை. அதற்குள் அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கி, அதில் இறால் கவர் மிதந்துகொண்டிருந்தது. தேங்காயில் புளித்த வாடை. அத்தை, "நல்லா கழுவி, நிறைய மஞ்சள் போட்டுக் கொதிக்க வெச்சா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். அவ்வளவு கஷ்டத்தில் வாங்கியதைக் கொட்ட எனக்கும் கை வரவில்லை. இருந்தாலும் கொட்டினேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இளகி, 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதலாகக் கிடந்த கறி, மீன், சமைத்த உணவு எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். சில கிருமிகள் விட்டுப்போகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் வெதுவெதுப்பில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், அதைக் கொதிநீரும் அழிக்காது, உறைபனியும் அழிக்காது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலைவலி வரும். வயதானவரும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில், அதுவும் தண்ணீர் சூழ்ந்திருக்கும்போது, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?

கொட்டிய பொருளின் மதிப்பு சுமார் 5,800 ரூபாய். அதோடு முடியவில்லை. கரண்ட் வந்ததும் விளக்கு மங்கி, பிரகாசமாகி, மறுபடி மங்கியது. டீப் ஃப்ரீசர் ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் 3,200 வாங்கினார், ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது என்றார். இரண்டும் சேர்த்து 9,000 ரூபாய், என் மாத வருமானத்தில் பாதிக்கும் மேல். அன்றைக்கு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அழ வைத்தது பணம் போனதைவிட, யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

கரண்ட் போனால் முதல் வேலையாக ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வந்தபிறகு விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், கறி மீனை எறிந்துவிட வேண்டியதுதான். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி வையுங்கள். ஃப்ரீசர் நிறைந்த கணக்கிலேயே இருக்கும், கரண்ட் போனால் குளிரைப் பிடித்து வைக்கும், இளகினால் குடிக்கவும் ஆகும். புயலன்று எங்களுக்கு மிகவும் தட்டுப்பாடாக இருந்தது குடிதண்ணீர்தான்.

தை பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை காய்கறியிலிருந்து. மார்கழி, தையில் பச்சைப் பட்டாணி வரத்து அதிகம். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி உரித்தால் பாதிக்குப் பாதி தேறும். அப்படிப் பார்த்தால் உரித்த பட்டாணி கிலோ 80, கடையில் உறைந்த பட்டாணி அரைக் கிலோ பாக்கெட்டே 100 ரூபாயை ஒட்டி வரும். பொங்கல் சமயத்து மொச்சையும் துவரையும் இதே மாதிரிதான், சொல்லப்போனால் பட்டாணியைவிட இவை எனக்கு முக்கியம், ஏனென்றால் சீசன் போனால் பச்சையாகக் கிடைக்கவே கிடைக்காது. சித்திரையில் மொச்சைக் குழம்பு வைத்தபோது அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே. முருங்கைக்காய் கோடையில் கூறு கட்டி விற்பார்கள், மழையும் பனியும் வந்துவிட்டால் ஒற்றைக் காய் 30 ரூபாய். விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஆற்றித் துடைத்து உறைய வைத்தால் நேராகச் சாம்பாரில் போடலாம். இளக விடக் கூடாது, இளக விட்டால் சதை நாரை விட்டுக் கழன்றுவிடும். மாங்காய்த் துண்டுகளும் பலாக்கொட்டையும் அப்படியே தாங்கும். பங்கனப்பள்ளி மலிந்த சமயத்தில் கூழாக எடுத்து வைத்தால் பிள்ளைகளுக்கு ஐப்பசி வரை லஸ்ஸி.

தேங்காய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025-இல் ஒரு காய் 60 ரூபாய்க்கு மேல் போனபோது எத்தனை வீட்டில் அரைமூடி ஃப்ரிட்ஜில் சிவந்து, பிசுபிசுத்து, குப்பைக்குப் போயிருக்கும்? உடைத்த அன்றே முழுக்கத் துருவி, ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனிப் பொட்டலமாகத் தட்டையாக அழுத்தி வைத்தால் இரண்டு மூன்று மாதம் அப்படியே இருக்கும். சட்னிக்கும் அரைத்துவிடுவதற்கும் வித்தியாசமே தெரியாது, பொரியலில் மேலே தூவும்போது மட்டும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். ஆனால் தேங்காய் அரைத்து ஊற்றிச் சமைத்த குருமாவையும் குழம்பையும் உறைய வைத்தால் திரிந்த மாதிரி ஆகிவிடும். தேங்காய் சேர்ப்பதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்தி உறைய வைத்து, சூடு பண்ணும்போது தேங்காயை அரைத்து விடுங்கள். தாளிப்பையும் அப்போதே போடுங்கள், பழைய வாசனை இருக்காது.

இட்லி இவ்வளவு நன்றாகத் தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மாவு புளிக்கப் போகிறது என்று தெரிந்தால் மொத்தத்தையும் இட்லியாக ஊற்றி, ஆறியதும் கவரில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து உறைய விடுவேன். காலையில் எடுத்து நேராக இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவி காட்டினால் அப்போது அவித்தது போலவே இருக்கும். மாவாகவே உறைய வைத்தால் பொங்குகிற சக்தி குறைந்துவிடும், ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும். சப்பாத்தியை அரைவேக்காட்டில் எடுத்து நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கலாம். கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டைப்பயறு ஆகியவற்றை ஒரு கிலோ மொத்தமாக ஊற வைத்து, குக்கரில் வேக வைத்து, கப் கப்பாக வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஊற வைக்க மறக்கிற தொல்லையும் போய்விடும், கேஸும் மிச்சம். வேகவைத்த துவரம்பருப்பும் அப்படியே. சூடாக எதையும் உள்ளே வைக்காதீர்கள், அதற்காக இரவு முழுக்க வெளியிலும் விட்டுவிடாதீர்கள். அகலமான தட்டில் பரப்பி, ஃபேனுக்கடியில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

தாங்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு போட்ட எதுவும் மணல் மணலாகிவிடும். வெள்ளரி, முள்ளங்கி, சுரைக்காய் தண்ணீராகும். கத்தரிக்காய் கறுத்துக் குழைந்துவிடும். தயிர் திரியும், அவித்த முட்டை ரப்பராகும். கொத்தமல்லியை மேலே தூவ முடியாது, ஆனால் சட்னியாக அரைத்து வைக்கலாம். உரித்த சின்ன வெங்காயம் சொதசொதவென்று ஆகிவிடும், அரைப்பதற்கு மட்டும் பயன்படும். கறிவேப்பிலை உருவி, காய வைத்து உறைய வைத்தால் நிறம் கொஞ்சம் மங்கினாலும் வாசனை நிற்கும். கீரையை உறைய வைக்க முடியும், ஆனால் கட்டு இருபது ரூபாய்க்கு வருடம் முழுக்கக் கிடைக்கிற ஒன்றுக்கு இடத்தையும் கரண்டையும் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விலை ஏறி இறங்குகிற பொருள், செய்ய நேரம் பிடிக்கிற பொருள் இரண்டுக்கும்தான் என் ஃப்ரீசரில் இடம்.

மீனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விலை எகிறும், வருவதும் பெரும்பாலும் ஐஸில் கிடந்த மீன். அதனால் பங்குனியிலேயே கொஞ்சம் வாங்கி வைப்பேன். சுத்தம் செய்த துண்டுகளை டப்பாவில் அடுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் காற்றுப் படாது. காற்றுப் பட்ட இடம்தான் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துபோகும். அது கெடுதல் இல்லை, ஆனால் சாப்பிட அட்டை மாதிரி இருக்கும். இறாலுக்கும் இதே முறை. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் உள்ள மீன்கள் சீக்கிரம் காறல் அடிக்கும், அவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள். இளக வைக்கும்போது சமையல் மேடையில் போட்டுவிட்டுப் போகாமல், முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். அவசரம் என்றால் கவரோடு பச்சைத் தண்ணீரில் மூழ்கவிடுங்கள்.

கறி, கோழியை வாங்கிய கவரோடு அப்படியே உள்ளே தள்ளுவதால்தான் நிறைய வீட்டில் வீணாகிறது. இரண்டு கிலோ ஒரே பாறையாக உறைந்துவிட்டால், அரைக் கிலோ வேண்டும் என்றாலும் மொத்தத்தையும் இளக்க வேண்டும், இளகிய பச்சைக் கறியைத் திரும்ப உறைய வைக்கத் துணிய மாட்டோம். ஒரு வேளைக்கு ஒரு கவர், காற்றை அழுத்தி எடுத்துவிட்டு, தட்டையாக. தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், நூலகப் புத்தகம் மாதிரி நிற்க வைத்து அடுக்கலாம். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயரும் மாதமும் எழுதுவேன். உறைந்தபிறகு தொக்கும் மிளகாய் விழுதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனி கரண்ட் பில். இதை யாரும் சொல்வதில்லை. 2023-இல் நம் வீட்டு மின்கணக்கில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது, ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். அந்தக் கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். டீப் ஃப்ரீசர் வருவதற்கு முன் நாங்கள் 500-க்குள் இருந்தோம், வந்தபிறகு தாண்டிவிட்டோம். கரண்ட், ஸ்டெபிலைசர், பழுது எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்ததில், நான்கு பேர் இருக்கிற வீட்டுக்குத் தனி ஃப்ரீசர் கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. 2024 பங்குனியில் அதை 5,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, பழைய ஃப்ரிட்ஜையும் கொடுத்துவிட்டு, மேலே மைனஸ் 18 நிற்கிற டபுள் டோர் ஒன்றை எக்ஸ்சேஞ்சில் எடுத்தேன். அந்த மேல்தட்டு எங்களுக்குத் தாராளம். இடம் குறைவு என்பதால் கண்டதை வாங்கிக் குவிக்கிற ஆசையும் வராது. கணவர் அந்தச் சித்திரையில் ஊர் திரும்பினார், பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதி பிறகு வந்தது. காய்கறி, மளிகை, கறி மீன் சேர்த்து முன்பு மாதம் 9,500 ஆகிக்கொண்டிருந்தது, இப்போது விலைவாசி ஏறியும் 8,000-க்குள் நிற்கிறது.

ஐப்பசி பிறந்தால் நான் ஃப்ரீசரைக் காலி செய்யத் தொடங்கிவிடுவேன். புரட்டாசியில் வாங்கியதும் அதற்குள் தீர்கிற அளவுதான். கறி மீன் முதலில், அப்புறம் சமைத்து வைத்தவை, கடைசியாகக் காய்கள். கார்த்திகைக்குள் உள்ளே இருப்பது தேங்காயும் கொஞ்சம் தொக்கும் இட்லியும் தண்ணீர் பாட்டில்களும்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தைப் பட்டாணி வரும்வரை இடம் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.